விளம்பரக் கட்டுரைகள்: எங்கள் இதழின் நிலைப்பாடு

விளம்பரதாரர் பணம் கொடுத்துப் போடச் சொல்லும் கட்டுரைகளை இந்த இதழ் வெளியிடலாமா என்ற கேள்வி வாசகர் கடிதங்களில் தொடர்ந்து வருகிறது. ஆசிரியர் குழுவும் நிர்வாகமும் கலந்து பேசி எடுத்த முடிவை இங்கே தெரிவிக்கிறோம்.

வெளியிடுவோம், மூன்று நிபந்தனைகளோடு. முதல் வரியைப் படிக்கும் முன்பே அது விளம்பரம் என்று வாசகருக்குத் தெரிய வேண்டும். படித்து முடித்தபின் நேரம் வீணாயிற்று என்று அவர் சலித்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பணம் எங்கள் மற்ற பக்கங்களில் ஒரு வரியைக்கூட மாற்றக் கூடாது. இவற்றில் எது தவறினாலும் அந்தக் கட்டுரை எங்களுக்கு வேண்டாம்.

ஏன் வெளியிடுகிறோம்

சந்தாவும் கடை விற்பனையும் காகிதம், அச்சுக்கூலி, தபால் செலவு ஆகியவற்றோடு தீர்ந்துவிடுகின்றன. எழுதுகிறவர்களுக்கும் படம் எடுப்பவர்களுக்கும் சன்மானம் கொடுக்க விளம்பர வருவாய்தான் கைகொடுக்கிறது. முழுப்பக்க விளம்பரத்தை வாசகர் புரட்டிவிட்டுப் போய்விடுவதால், நிறுவனங்கள் கட்டுரை வடிவில் இடம் கேட்கின்றன. கேட்பதில் தவறில்லை. சொட்டுநீர்ப் பாசனக் கருவி விற்கும் நிறுவனம், உப்புப் படிந்து அடைத்த குழாயைச் சுத்தம் செய்யும் முறையைப் படத்தோடு விளக்கினால், அந்த நிறுவனத்திடம் எதையும் வாங்காத விவசாயிக்கும் அது உதவும்.

எரிச்சல் எங்கே தொடங்குகிறது

மூட்டுவலி பற்றிய ஒரு பக்கத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். செய்திக்குரிய அதே எழுத்துரு, அதே மூன்று பத்தி அமைப்பு. கேள்வி கேட்பவர் ‘நமது நிருபர்’. பதில் சொல்பவர் வெள்ளைக் கோட்டு அணிந்த டாக்டர். முக்கால் பக்கம்வரை பொதுவான மருத்துவத் தகவல். கடைசிப் பத்தியில் திடீரென்று கிளைகளின் முகவரி, செல்போன் எண், முகாம் தேதி. பக்கத்தின் அடியில், மடிப்பை ஒட்டி, கண்ணுக்கே எட்டாத எழுத்தில் ‘Advt.’ வலியோடு உட்கார்ந்து அதைப் படித்தவர் தான் ஏமாற்றப்பட்டதைக் கடைசியில்தான் கண்டுபிடிக்கிறார். அடுத்த இதழில் எங்கள் நிருபர் நாலு ஆஸ்பத்திரி ஏறி இறங்கி எழுதும் கட்டுரையையும் ‘இதற்கு எவ்வளவு வாங்கினார்களோ’ என்றுதான் அவர் பார்ப்பார். ஒரு பக்கத்தின் வருமானத்துக்காக மீதிப் பக்கங்களின் நம்பகத்தை விற்பது தொழில் கணக்கிலும் நஷ்டம்.

அரசியலில் இது இன்னும் ஆபத்தானது. 2009 மகாராஷ்டிரச் சட்டமன்றத் தேர்தலின்போது, போட்டி நாளிதழ்களில் ஒரே புகழுரை வரி மாறாமல் செய்தியாக வந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் ‘தி இந்து’வில் அம்பலப்படுத்தினார். 2010இல் இந்தியப் பத்திரிகைக் கவுன்சில், பணமாகவோ பொருளாகவோ விலை பெற்று வெளியிடும் செய்தியும் அலசலும் ‘பெய்ட் நியூஸ்’ என்று வரையறுத்தது. 2011இல் உத்தரப் பிரதேசத்தின் பிசௌலி எம்.எல்.ஏ. உம்லேஷ் யாதவ், இத்தகைய செய்திக்கான செலவைத் தேர்தல் கணக்கில் காட்டாததற்காக, தேர்தல் ஆணையத்தால் மூன்று ஆண்டுகளுக்குத் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்.

முத்திரை மட்டும் போதாது

விளம்பரம் என்று குறித்துவிட்டால் கடமை முடிந்தது என்று நாங்கள் நினைக்கவில்லை. 2013 ஜனவரியில் அமெரிக்காவின் ‘தி அட்லாண்டிக்’ இதழ் தன் இணையப் பதிப்பில் சயின்டாலஜி என்ற மத அமைப்பைப் புகழும் விளம்பரக் கட்டுரையை வெளியிட்டது. விளம்பரதாரர் தந்தது என்ற குறிப்பு அதில் இருந்தது. ஆனாலும் வாசகர்கள் கொதித்தார்கள். அரை நாளுக்குள் கட்டுரையை நீக்கி, இதழ் மன்னிப்புக் கேட்டது. 2014இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ நெட்ஃப்ளிக்ஸ் நிறுவனத்துக்காக, பெண் கைதிகளின் நிலை பற்றி ஒரு விளம்பரக் கட்டுரை வெளியிட்டது. அதில் தகவலும் பேட்டிகளும் இருந்தன; பத்திரிகை உலகில் பாராட்டே கிடைத்தது. இரண்டிலும் முத்திரை இருந்தது. முதலாவதில் விளம்பரதாரரின் புகழைத் தவிர வாசகருக்கு எதுவும் இல்லை.

சட்டமும் எங்கள் பொறுப்பும்

2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, ஒரு பொருளைப் பரிந்துரைப்பவர் அதன் விற்பனையாளரோடு தனக்குள்ள தொடர்பை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய்வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம்வரையும் அபராதம் விதிக்க இடம் தருகிறது. வழக்கமான தொழில்முறையில் வெளியிட்டோம் என்று நிரூபித்தால் பதிப்பாளர் தப்பவும் அதே சட்டத்தில் வழி உண்டு. அந்த வழி இருக்கிறது என்ற தைரியத்தில் எந்தக் கட்டுரையையும் வாங்கிப் போட மாட்டோம்.

எங்கள் உறுதிமொழிகள்

1. தலைப்புக்கு மேலே, நிறப்பட்டையில், ‘விளம்பரம்’ என்று தமிழில் அச்சிடுவோம். பணம் கொடுத்தவர் பெயரும் அங்கேயே இருக்கும். ‘சிறப்புப் பகுதி’, ‘நிறுவனச் செய்தி’ போன்ற பூச்சு வேலை கிடையாது. வாட்ஸ்அப்பில் ஒரு பக்கத்தை மட்டும் யாராவது பகிர்ந்தாலும் தெரியும்படி, கட்டுரையின் ஒவ்வொரு பக்கத்திலும் பட்டை வரும்.

2. எழுத்துருவும் பத்தி அமைப்பும் வேறாக இருக்கும். எங்கள் நிருபர்களின் பெயரோ படமோ இடம்பெறாது. அவர்களை எழுதச் சொல்லவும் மாட்டோம்.

3. ஓர் இதழில் ஒன்றுக்கு மேல் கிடையாது. அட்டையிலும் தலையங்கப் பக்கத்திலும் அறவே கிடையாது.

4. கட்சிகள், வேட்பாளர்கள், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகள், மது, புகையிலை, அவற்றின் பெயரைத் தாங்கிய மாற்றுப் பொருள்கள் ஆகியவற்றுக்குக் கட்டுரை வடிவில் இடமில்லை. சர்க்கரை நோயை ‘நிரந்தரமாகக் குணப்படுத்துவோம்’ என்பவர்களுக்கும் இல்லை. 1954ஆம் ஆண்டு மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டமே அதைத் தடுக்கிறது. பதிவு தேவைப்படும் வீட்டுமனைத் திட்டமாக இருந்தால், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் இல்லாமல் ஏற்க மாட்டோம்.

5. தகவல் பிழையைத் திருத்துவோம். வெறும் புகழுரையாக இருந்தால் திருப்பி அனுப்புவோம்.

6. விளம்பரம் தந்த நிறுவனத்தைப் பற்றிய செய்தியை நிறுத்தவோ தள்ளிப்போடவோ மாட்டோம். விளம்பரப் பிரிவினர் செய்திப் பக்கங்களை அச்சாகும் முன் பார்க்க மாட்டார்கள்.

ஆறாவதை நாங்கள் முக்கியமாகக் கருதுகிறோம். பட்டை போட்ட கட்டுரையை வாசகரே எடைபோட்டுக்கொள்வார். விளம்பரம் போய்விடும் என்று பயந்து வெளியிடாமல் விட்ட செய்தியை அவரால் பார்க்கவே முடியாது. எனவே, ஒரு நிறுவனம் தன்னைப் பற்றிய செய்தியை நிறுத்தச் சொல்லி விளம்பரத்தைக் காட்டி வற்புறுத்தினால், அந்தச் செய்தியோடு அதையும் சேர்த்தே எழுதுவோம்.

விளம்பரதாரர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இந்த ஆறு விதிகளையும் படித்து ஒப்புக்கொள்ள வேண்டும். ஏதேனும் ஒரு பக்கம் இவற்றை மீறியதாகத் தோன்றினால் வாசகர்கள் ஆசிரியருக்கு எழுதலாம். கடிதத்தையும் எங்கள் பதிலையும் அடுத்த இதழிலேயே வெளியிடுவோம். ஏற்கெனவே பேசி முடித்த விளம்பரங்களுக்கும் இந்த விதிகள் பொருந்தும். ஒப்பாதவர்களுக்கு முன்பணம் திருப்பித் தரப்படும்.

— ஆசிரியர் குழுவும் நிர்வாகமும்