எஞ்சினைக் குற்றம் சொல்லுமுன்

எஞ்சின் மாற்றிய கார்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இப்போது அடிக்கடி கண்ணில் படுகின்றன. காரணம் தெரிந்ததே. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கான கதவு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய கார்களின் விலை எந்த உயரத்துக்குப் போனது என்பதை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புதியது வாங்க வழியற்றவர், இருக்கிற காரின் உடலுக்குள் வேறோர் எஞ்சினை இறக்கினார். இளைஞர் சிலர் ஒருபடி மேலே போய், தொண்ணூறுகளின் ஹொண்டா சிவிக் போன்ற சிறிய கார்களுக்கு வேகமான எஞ்சினைப் பொருத்தி, அதையே தங்கள் ஸ்போர்ட்ஸ் காராக ஏ-9 வீதியில் ஓட்டுகிறார்கள். ஆசையில் தவறில்லை. ஆனால் இறக்கிய எஞ்சின் முதல் வாரத்திலேயே 'மிஸ்' பண்ணத் தொடங்கியதும் கராஜுகளில் நடப்பதைப் பார்த்த பின்னர்தான் இதை எழுதத் தோன்றியது.

நடப்பது இதுதான். முதலில் நான்கு பிளக்குகளையும் மாற்றுகிறார்கள். குறை தீரவில்லை. பின்னர் கொயில், அதன் பின்னர் பெற்றோல் பம்ப். ஒவ்வொன்றுக்கும் கொழும்புக்குத் தொலைபேசி, பஸ்ஸில் பொதி, பணம். ஈற்றில் "எஞ்சினே சரியில்லை" என்ற தீர்ப்பு வருகிறது. விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று கோபம் வேறு. ஆராயாமல் வழங்கப்படும் இந்தத் தீர்ப்பை நான் ஏற்பதில்லை. வேறொரு வாகனத்தில் ஒழுங்காக ஓடிய எஞ்சின் இடம் மாறியதும் இடறுகிறது என்றால், எஞ்சினைவிட அந்த இடமாற்றத்தையே முதலில் விசாரிக்க வேண்டும். கடைசியாகக் கைபட்ட இடமே முதலாவது சந்தேகநபர்.

ஒரு சிலிண்டர் ஒழுங்காக வெடிக்க வேண்டியவை சில: ஏறத்தாழ 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெற்றோல் என்ற எடை விகிதம், போதிய அழுத்தம், உரிய கணத்தில் ஒரு பொறி. இவற்றில் ஒன்று தவறினாலும் அந்தச் சிலிண்டர் மௌனமாகிவிடும். மற்ற மூன்றும் அதையும் சேர்த்து இழுக்கும்போது வருகின்ற குலுக்கத்தைத்தான் நாம் 'மிஸ்' என்கிறோம்.

அழுத்தத்தை எஞ்சின் பொருத்துவதற்கு முன்னரே அளந்து பார்க்கலாம். நான்கு சிலிண்டர்களும் ஒன்றுக்கொன்று பத்து வீதத்துக்குள் நின்றால் எஞ்சினின் உடல் நலமாக இருக்கிறது என்று கொள்ளலாம். இந்த அரை மணி நேர வேலையைச் செய்தவர்கள் பிற்பாடு எஞ்சினைத் திட்ட வேண்டியிருப்பதில்லை. செய்யாதவர்களே அதிகம் என்பது வேறு கதை.

எஞ்சின் மாற்றத்தில் மறக்கப்படும் பொருள்களில் மிக மலிவானதும் மிகக் கூடுதலான தொல்லை தருவதும் ஏர்த் வயர். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் அமர்ந்திருக்கிறது. ரப்பர் வழியே மின்சாரம் ஓடாது. எனவே எஞ்சினையும் காரின் உடலையும் தடித்த வயர் ஒன்றால் இணைத்தாக வேண்டும். பழைய எஞ்சினைக் கழற்றும்போது அதையும் கழற்றுகிறார்கள். புதியதை இறக்கும் அவசரத்தில் அது மூலையில் கிடந்துவிடுகிறது. கார் அப்போதும் ஸ்ரார்ட் ஆகும் என்பதுதான் இதிலுள்ள சூழ்ச்சி. மின்சாரம் அக்சிலேற்றர் கேபிள், சோக் கேபிள் என்று கிடைத்த வழியாகத் திரும்பிப் போகும். கேபிள் சூடேறும். பொறி பலவீனமாகும். சென்சர்கள் பொய் சொல்லும். பொய்யை நம்பி நாம் உதிரிப்பாகம் வாங்குவோம்.

அடுத்தது, பிளக் வயர்களின் ஒழுங்கு. மொறிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானியக் கார்களில் வெடிக்கும் வரிசை 1-3-4-2. அதில் டிஸ்ரிபியூற்றரின் றோட்டர் இடஞ்சுழியாகச் சுழலும். அந்தக் காருக்குள் வலஞ்சுழியாகச் சுழலும் யப்பானிய எஞ்சினை இறக்கிவிட்டு, கைப்பழக்கத்தில் பழைய திசையிலேயே வயர்களைச் செருகினால் இரண்டு சிலிண்டர்கள் இடம் மாறிப் போகும். ஒரே நிறுவனத்தின் எஞ்சின்களிலும் ஆண்டுக்கு ஆண்டு மின் இணைப்புகள் வேறுபடும் என்பதை சிவிக் பிரியர்கள் நன்கு அறிவார்கள்.

பின்னர் காற்றுக் கசிவு. எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுசெல்லும் மனிபோல்டில் சிறு ரப்பர் குழாய்கள் பல உண்டு. அவற்றில் ஒன்றை அடைக்காமல் விட்டால் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். நின்ற நிலையில் எஞ்சின் தடுமாறும். வேகம் எடுத்தால் சீராகிவிடும். அந்த அறிகுறியைக் கண்டால் பிளக் வாங்கப் போகாமல், இணைப்புகளில் கொஞ்சம் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். ஓசை மாறுகின்ற இடத்தில்தான் கசிவு இருக்கிறது.

எரிபொருள் அழுத்தமும் பொருந்த வேண்டும். காபரேற்றர் கேட்பது சதுர அங்குலத்துக்கு மூன்று முதல் ஐந்து இறாத்தல். இன்ஜெக்ரர் எஞ்சின்களில் பலவும் கேட்பது ஏறத்தாழ நாற்பது. பழைய காரின் பம்ப்பை வைத்துக்கொண்டு புதிய எஞ்சினை ஓட்ட முயல்வது, கைப்பம்பியால் வயலுக்கு நீர் பாய்ச்சுவதற்கு ஒப்பானது. இன்னொன்று, எஞ்சின் சுழற்சியைக் கணினிக்குச் சொல்லும் பற்சக்கரம். சிலவற்றில் 36 பல்லுக்கு ஒன்று குறைவு, வேறு சிலவற்றில் 60க்கு இரண்டு குறைவு. கணினி ஒன்றை எதிர்பார்க்க எஞ்சின் மற்றதைக் காட்டினால், பொறி எந்தக் கணத்தில் வரும் என்பதை யாராலும் சொல்ல முடியாது.

ஸ்கேனர் இருந்தால் வேலை சுருங்கும் என்பது உண்மை. பி0300 என்ற குறியீடு ஒழுங்கற்ற மிஸ் என்பதைக் குறிக்கும். பி0303 என்றால் மூன்றாம் சிலிண்டர். ஆனால் அது இடத்தைச் சொல்லுமே தவிர காரணத்தைச் சொல்லாது. தனித்தனிக் கொயில் உள்ள எஞ்சினாயின் மூன்றாவதின் கொயிலை முதலாவதுக்கு மாற்றிப் பாருங்கள். குறியீடு பி0301 ஆக மாறினால் குற்றவாளி கொயில். மாறாவிட்டால் கொயில் நிரபராதி, வேறிடத்தில் தேட வேண்டும். ஒரு சதம் செலவில்லை. செய்தியை இரண்டாவது வாயிலாகவும் கேட்டு உறுதிசெய்து பழகிய என் போன்றவர்களுக்கு இந்த முறை மிகவும் பிடிக்கும்.

இவ்வளவும் ஏதோ இணையம் கற்றுத்தந்த வித்தை என்று இன்றைய இளைஞர்கள் நினைக்கக்கூடும். வன்னியில் இதைச் செய்தவர்களை நான் அறிவேன். 1990இல் போர் மீண்டும் தொடங்கிய பின் பெற்றோல், பற்றரி, வாகன உதிரிப்பாகம் யாவும் தடைப்பட்ட பொருள்களாயின. அளவோடு கிடைத்தது மண்ணெண்ணெய். பெற்றோலுக்கென்று செய்த எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டியாக வேண்டிய நிலை. 1996 செப்டெம்பரில் கிளிநொச்சி நகரம் வீழ்ந்து மக்கள் மல்லாவிக்கும் புதுக்குடியிருப்புக்கும் பெயர்ந்தபோது, கராஜுகளும் மரங்களுக்குக் கீழே பெயர்ந்தன. செய்தி தேடி அலைந்த நாட்களில் அந்த மரங்களின் கீழ் நெடுநேரம் காத்திருந்திருக்கிறேன்.

மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. எனவே போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் செய்து, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பெற்றோலைவிட அது எளிதில் தட்டும். எனவே பொறியின் நேரத்தைச் சற்றுப் பின்தள்ளினார்கள். எரியாமல் எஞ்சியது ஒயிலுக்குள் இறங்கும். எனவே ஒயில் அளவுகோலை இழுத்து மணந்து பார்த்தார்கள். பிரித்தானியாவில் பெர்குசன் நிறுவனம் இதே தத்துவத்தில், பெற்றோலில் கிளம்பிச் சூடேறியதும் மலிவான எண்ணெய்க்கு மாறும் உழவு இயந்திரத்தை 1949இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அங்கே அதற்கென எஞ்சினைத் திருத்தியமைக்கப் பொறியியலாளர்கள் இருந்தார்கள். இங்கே பழைய ஒஸ்ரின் காரும் திருகாணிச் செலுத்தியும் ஒரு துண்டுத் துணியும் இருந்தன. எஞ்சின் ஓடும்போதே துணியால் பிடித்து ஒவ்வொரு பிளக் வயராக இழுத்துப் பார்ப்பார்கள். எதை இழுத்தால் ஓசை மாறவில்லையோ அதுவே செத்த சிலிண்டர். கழற்றிய பிளக் கறுத்திருந்தால் எண்ணெய் கூட, வெளுத்திருந்தால் காற்றுக் கூட, இளம் பழுப்பென்றால் நலம். மாற்றிப் போடப் புதிய பொருள் எதுவும் இல்லாத காலம் அது. ஆகவே காரணம் கண்டுபிடிப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

2022இல் எரிபொருள் வரிசைகள் நாடெங்கும் நீண்டபோது தெற்கிலும் மண்ணெண்ணெய்ப் பரிசோதனைகள் நடந்தன. அவ்வாண்டு ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக விலை உயர்ந்ததும் அந்த ஆசை அடங்கியது. அது நல்லதே. புகையை வடிகட்டும் கற்றலிற்றிக் கொன்வேட்டர் உள்ள இன்றைய எஞ்சின்களுக்கு எரியாத எண்ணெய் நஞ்சு. மிஸ் பண்ணும் காரை நாட்கணக்கில் ஓட்டினாலும் அதே கேடுதான் நேரும். எச்சரிக்கை விளக்கு மின்னி மின்னி எரிந்தால் காரை ஓரமாக நிறுத்திவிட வேண்டும்.

அந்த மரத்தடி மெக்கானிக்குகளில் பலர் 2009இல் கருவிகளையும் வாகனங்களையும் முள்ளிவாய்க்கால் வீதியோரத்தில் விட்டு வெறுங்கையோடு வெளியேறினார்கள். எஞ்சியவர்கள் அறுபதைக் கடந்துவிட்டார்கள். கையில் சான்றிதழ் இல்லாததால் கராஜில் உதவியாளாக நிற்பவர்களும் உண்டு. அனுபவத்தைச் சோதித்துத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு இந்நாட்டில் இருக்கிறது. அவர்களைத் தேடிப்போய் அதைச் சொல்வார்தான் இல்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழினுட்பம் கற்பிக்கிறார்கள். நல்ல கருவிகள் அங்கு உள்ளன. கிழமைக்கு ஒரு நாள் இந்த முதியவர்களில் ஒருவரை உரிய சம்பளத்தோடு அங்கே அழைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. எஞ்சின் மாற்றிய கார் ஒன்றில் ஏர்த் வயரைக் கழற்றி, இரண்டு பிளக் வயர்களை மாற்றிச் செருகி, ஒரு ரப்பர் குழாயில் ஊசித்துளை இட்டு, மாணவர்கள் முன் நிறுத்தட்டும். ஸ்கேனரை முதல் பத்து நிமிடம் மேசையிலேயே வைத்துவிட்டு, காதைக் கொடுத்துக் கேட்கச் சொல்லட்டும்.