போனுக்கு மட்டும் டிரான்ஸ்ஃபர் கிடையாதா?

பழனி மலை அடிவாரத்தில் பாலசமுத்திரம். அங்கே நண்பரின் கொய்யாத் தோட்டத்தில் ஒரு ராத்திரி தங்கியிருந்தேன். பத்து மணி சுமாருக்கு வேலி ஓரம் கிளை முறிகிற சத்தம். "யானை இறங்கிருச்சு" என்றார் நண்பர், மழை வந்திருச்சு என்று சொல்கிற தொனியில்.

உதவிக்கு அழைக்க வேண்டிய அலுவலகத்துக்கு போன் போட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தானாகவே கட் ஆனது. ஆறு முறை.

விடிந்தபோது இருபது மரம் போயிருந்தது. மரத்தைத் திரும்ப நடலாம். அந்த வேலி ஓரம் காவல்காரர் கட்டில் போட்டுப் படுத்திருந்தால்?

சண்டை போடும் உத்தேசத்தோடு அலுவலகத்துக்குப் போனேன். ஊழியருக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "ராத்திரி பூரா பக்கத்துத் தோட்டத்துலதான் சார் வெடி போட்டுட்டு இருந்தோம். ஆபீஸ்ல யாரும் இல்லை."

ஆக, ஆள் வேலை பார்த்திருக்கிறார். கூப்பிடு தூரத்தில் இருந்திருக்கிறார். சட்டைப் பையில் செல்போனும் இருந்திருக்கிறது. பூட்டிய அறைக்குள் மேஜை மேல் இருந்த போனுக்குத்தான் அது தெரியவில்லை!

இது ஊழல் இல்லை. சோம்பேறித்தனம்கூட இல்லை. கால் ஃபார்வர்டிங் போட யாரும் மெனக்கெடவில்லை, அவ்வளவுதான்.

அலுவலகங்களில் இருக்கும் இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டிகளில் இது பழைய வசதி. எல்லா அழைப்பையும் திருப்பலாம். லைன் பிசியாக இருந்தால் மட்டும் திருப்பலாம். சில முறை மணி அடித்தும் எடுக்காவிட்டால் மட்டும் திருப்பலாம். மக்கள் அலுவலகத்துக்கு வேண்டியது மூன்றாவது. ஆள் இருந்தால் மேஜையில் எடுப்பார். இல்லாவிட்டால் டியூட்டியில் இருப்பவரின் செல்போன் அடிக்கும். வெளி எண்ணுக்குத் திருப்ப அனுமதி இருக்கிறதா என்று மட்டும் மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

'என் செல் நம்பர் ஊருக்கெல்லாம் தெரிஞ்சுடுமே' என்பார்கள். தெரியாது. கூப்பிடுகிறவர் சுழற்றுவது அலுவலக எண்ணைத்தான்.

செலவு? நான் பி.காம். படித்தவன், கணக்குப் பார்க்காமல் பேச மாட்டேன். திருப்பிவிடும் அழைப்பின் கட்டணம் அலுவலகத்தின் பில்லில் ஏறும். இருபது கொய்யா மரத்தோடு ஒப்பிட்டால் அது தூசு.

மோசடி பயம் நியாயமானது. செல்போனில் ஸ்டார் நாலு பூஜ்யம் ஒன்று என்று அழுத்தச் சொல்லி, அழைப்புகளைத் தங்கள் எண்ணுக்குத் திருப்பிய ஏமாற்றுக்காரர்களால்தான், அந்த மாதிரி குறியீட்டு முறையை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தும்படி மத்திய தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. அதற்காக வசதியையே ஒதுக்குவதா? யாரோ போனில் சொன்னார்கள் என்று எதையும் அழுத்தாதீர்கள். எந்த எண்ணுக்குத் திருப்பியிருக்கிறது என்று ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் நோட்டில் எழுதி வையுங்கள்.

அமெரிக்காவில் சவ அடக்கத் தொழில் செய்த ஸ்ட்ரோஜர் 1891ல் தானியங்கி டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குக் காப்புரிமை வாங்கினார். தனக்கு வர வேண்டிய அழைப்பு, போட்டியாளருக்குப் போகிறது என்ற கோபம்தான் காரணம் என்பார்கள். நமக்கோ அழைப்பு யாருக்குமே போவதில்லை. கோபமும் வருவதில்லை.

மனுவோடு வரும் கிழவியை இந்த சீட்டிலிருந்து அந்த சீட்டுக்கு ஃபார்வர்ட் செய்வதில் நம் அலுவலகங்களுக்கு நல்ல அனுபவம் உண்டு. அந்தத் திறமையில் கொஞ்சத்தை போனிடம் காட்டினால் போதும்.

அதிகாரிகளே, இன்று ராத்திரி பத்து மணிக்கு உங்கள் அலுவலக எண்ணுக்கு நீங்களே ஒரு முறை போன் போட்டுப் பாருங்கள். யார் எடுக்கிறார்கள்?