தொழிற்பேட்டைக்கும் வரட்டும் இந்தக் கலை

சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய 11 ஆடல்களில் ஒன்று 'பேடு'. ஆண்மை திரிந்த பெண்மைக் கோலத்தில் காமன் ஆடிய கூத்து அது. இத்தனை பழைய தடம் இருந்தும், திருநங்கையர், தன்பாலீர்ப்பாளர் உள்ளிட்ட பால்புதுமையினரின் வரலாற்றுக்கு நம் பொது நினைவில் கிடைத்த இடம் மிகச் சொற்பம்.

அந்த இடத்தைப் போராடிப் பெற்றுத் தருபவர்கள் கலைஞர்களே. திருநங்கையரின் வாழ்க்கைக் கதைகளை 'உணர்வும் உருவமும்' நூலாகத் தொகுத்த அ. ரேவதி, 'வெள்ளை மொழி' என்ற தன்வரலாற்றைத் தானே நடித்து மேடையேற்றினார். 'நான் வித்யா' எழுதிய லிவிங் ஸ்மைல் வித்யா நாடகக் கலைஞராகவும் தடம் பதித்தார். பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜ் 2019இல் பத்மஸ்ரீ பெற்றார்.

மூன்றாம் பாலினத்தை 2014இல் உச்ச நீதிமன்றம் அங்கீகரித்தது. 2018இல் தன்பாலின உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. சட்டம் உரிமை தரும். 'உன்னைப் போன்றோர் முன்பும் இங்கே வாழ்ந்தார்கள்' என்ற தைரியத்தைக் கலைதான் தரும்.

அந்தத் தைரியம் சென்னை அரங்குகளோடு நின்றுவிடக் கூடாது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து வாடகை அறைக்குத் திரும்பும் இளம் தொழிலாளர்களிலும் தம் அடையாளத்தைச் சொல்ல அஞ்சுவோர் இருப்பார்கள். இத்தகைய நாடகங்களைத் திருவள்ளூர் மாவட்ட நிர்வாகமும் கலை பண்பாட்டுத் துறையும் அங்கேயும் நடத்த வேண்டும். நூலகங்களில் இந்நூல்கள் கிடைக்க வேண்டும். மாவட்டத்தின் மூத்த திருநங்கையரின் நினைவுகளை, அவர்கள் சம்மதத்தோடு, உடனே பதிவுசெய்யத் தொடங்க வேண்டும். இன்னும் தாமதித்தால் அந்த நினைவுகள் அவர்களோடு போய்விடும்.