கையொப்பத்தைக் கடன் கொடுக்கலாமா?

சைதாப்பேட்டைக் கடைத்தெருவில், படியெடுக்கும் கடையொன்றில் அண்மையில் கண்டது இது. சிறுதொழில் நடத்தும் அன்பர் ஒருவர், விரலளவான கருவியொன்றைக் கடைக்காரரிடம் நீட்டி, அதனைத் திறக்கும் கமுக்க எண்ணையும் எல்லாருங் கேட்கச் சொன்னார். “உங்களிடமே இருக்கட்டும், வேண்டும்போது போட்டுக்கொள்ளுங்கள்” என்றார். அவர் கொடுத்தது தம் கையொப்பத்தை! வெற்றுத்தாளில் ஒப்பமிட அஞ்சும் நம்மவர் இதற்கு அஞ்சாமை, அஃது இன்னதென அறியாமையாலேயே.

மின்னஞ்சல் உறையிட்ட மடலன்று, அஞ்சலட்டையே. அதனைத் தாங்கும் வழங்கிகளை ஆள்வோர் விரும்பினாற் படிக்கலாம். பிறர் பெயரைப் பொய்யாக இட்டும் விடுக்கலாம். இவ்விரு குறைக்கும் 1976-இல் திப்பி, எல்மன் என்பார் வழி கண்டனர். மறு ஆண்டே இரிவெசுட்டு, சாமிர், ஏடில்மன் மூவரும் அதற்குக் கணக்கியல் வடிவந் தந்தனர்.

ஒருவர்க்குத் திறவிகள் இரண்டு. பொதுத்திறவியை ஊரறியத் தரலாம். தனித்திறவியைத் தாமே காத்தல் வேண்டும். எனக்குக் கமுக்கமாக எழுதுவோர் என் பொதுத்திறவியாற் பூட்டி விடுப்பர். என் தனித்திறவியன்றி அது திறவாது. ஒப்பமிடுதல் இதற்கு எதிர்முகம். மடலின் சாரத்தை என் தனித்திறவியால் ஒப்பமிட்டால், பொதுத்திறவி கொண்டு எவருஞ் சரிபார்க்கலாம். ஓரெழுத்து மாறினும் ஒப்பம் பொய்த்துவிடும். ஒப்பம் மடலை மறைக்காது. பூட்டு மட்டும் எழுதியவர் யாரென்று காட்டாது. இரண்டும் வேண்டும். அப்போதும் மடலின் தலைப்பு வரி பெரும்பாலும் வெளியே தெரியும். கமுக்கச் செய்தியை அங்கெழுத வேண்டா.

17.10.2000 முதல் நடப்பிலுள்ள நடுவணரசின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இவ்வொப்பத்தை ஏற்கின்றது. உரிமம் பெற்ற நிறுவனங்கள் அதற்குச் சான்றளிக்கின்றன. அச்சட்டத்தின் 42-ஆம் பிரிவு, தனித்திறவியைத் தம் கட்டுக்குள் வைத்துக் காப்பது உரியவர் கடன் என்கின்றது. நாமோ அதனைக் கணக்கரிடமும் கடைக்காரரிடமும் அடைக்கலம் வைக்கின்றோம்!

நண்பர்களுக்குள் மடல் விடுக்கச் சான்றும் வேண்டா, செலவும் வேண்டா. சிம்மர்மன் என்பார் 1991-இல் வெளியிட்ட முறையின் வழிவந்த ஏந்து, கட்டணமின்றிக் கிடைக்கும் தண்டர்பேர்டு மின்னஞ்சல் மென்பொருளில் 2020 முதல் உள்ளடங்கியுள்ளது. ஒன்று மட்டும் தவறாது செய்க: வந்த பொதுத்திறவி நண்பருடையதுதானா என, அதன் விரல்தடமாகிய எழுத்துவரிசையை நேரிலோ, பழகிய குரலைத் தொலைப்பேசியிற் கேட்டோ ஒப்பிடுக. மாற்றான் திறவியை நண்பர் திறவியெனக் கொண்டால், பூட்டியதெல்லாம் மாற்றானுக்கே திறக்கும்.

அன்று அவ்வன்பரிடம் இதனை எடுத்துரைத்தோம். கருவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கமுக்க எண்ணையும் மாற்றிவிடுங்கள் என்றதற்கு, “மாற்றினால் எனக்கே மறந்துபோகுமே, ஐயா!” என்றார்.