மாணாக்கர் படமும் அந்நியர் கடையும்

நாகப்பட்டினம் ஜில்லாவில் உப்பளங்கள் சூழ்ந்த கிராமமொன்றிலிருந்து தமிழ் உபாத்தியாயர் ஒருவர் நமக்கு நீண்டதொரு கடிதம் விடுத்திருக்கிறார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வியாசம் எழுதப் பயிற்றுவது அவர் கடமை. பொங்கல் திருநாள் என்று தலைப்புக் கொடுத்தால், வகுப்பு முழுவதும் ஒரே உரைநூலிலிருந்து ஒரே வியாசத்தை நெட்டுருப் பண்ணி எழுதிவிடுகிறதாம். சலித்துப்போன உபாத்தியாயர் தமது செல்போனை முறைவைத்துப் பிள்ளைகளின் கையிற் கொடுத்து, வீட்டையும் தெருவையும் பற்றிப் பத்துப் படம் எடுத்து, அவற்றை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் கீழும் சில வரிகள் எழுதிக் கதை சொல்லும்படி ஏவினார். பிள்ளைகள் எழுதினார்கள். உரைநூலில் இல்லாத தமிழ் வந்தது. இனி அக்கதைகளை இன்ஸ்டாகிராம் என்னும் படப்பகிர்வுத் தளத்தில் வகுப்பின் பெயரால் ஏற்றலாமென்று அவர் கருதுகிறார், தலைமையாசிரியர் கூடாதென்கிறார். நம் அபிப்பிராயம் யாதென்பது கேள்வி.

கடிதத்தோடு சில படங்களும் வந்தன. அவற்றுள் ஒன்றை இரண்டு நாளாக நம்மால் மறக்கக்கூடவில்லை. ஒரு சிறுமி தன் தாயின் பாதங்களைப் படமெடுத்திருக்கிறாள். உப்புநீரில் நின்று நின்று வெடித்த பாதங்கள். கீழே எழுதியிருப்பது இரண்டே வாக்கியம். அம்மா இரவில் காலுக்கு எண்ணெய் தடவும்போது விளக்கை அணைத்துவிடச் சொல்வாள் என்பது ஒன்று; இப்படம் எடுத்தது அம்மா தூங்கும்போது என்பது மற்றொன்று. 1930-ஆம் வருஷம் ராஜாஜி திருச்சிராப்பள்ளியிலிருந்து தொண்டர்களை நடத்திவந்து உப்பு அள்ளியது அந்த வேதாரணியக் கரையிலேதான். அந்நிய ஆட்சி போயிற்று. அப்பாதங்களின் வெடிப்புப் போகவில்லை. நம்மைப் போன்ற பத்திராதிபர் பத்துத் தலையங்கம் எழுதியும் உணர்த்தமுடியாததை ஒரு குழந்தை உணர்த்திவிட்டாள்.

ஆதலின் முறை நல்லதென்பதில் நமக்கு ஐயமில்லை. படத்தைத் துணைக்கொள்வது எழுத்துக்குச் சத்துரு என்று பண்டிதர் சிலர் சொல்வர், நாம் ஒப்போம். சொல்லவேண்டிய விஷயம் கண்ணெதிரே இல்லாதபோதுதான் பிள்ளை பிறர் சொல்லைக் கடன் வாங்குகிறது. பத்தே படம் என்று வரம்பு கட்டிவிட்டால், எதை விடுவது, எதை முன்வைப்பது, எதைக் கடைசிக்கு நிறுத்திவைப்பது என்று யோசிக்கத் தொடங்குகிறது. கதை சொல்லும் வித்தை இந்த யோசனையன்றி வேறென்ன? படத்தில் தெரிவதை மறுபடி எழுதாதே, தெரியாததை எழுது என்று இவ்வுபாத்தியாயர் ஒரு விதி செய்திருக்கிறாராம். நம் நிருபர்களுக்கும் அதைச் சொல்லிவைக்க உத்தேசம்.

இதற்கு முன்மாதிரியும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் சீன தேசத்து யுன்னான் மாகாணத்தில் காரொலின் வாங், மேரி ஆன் பரிஸ் என்னும் இரு மாதர், கிராமப் பெண்களின் கையில் காமிராவைக் கொடுத்தனர். அப்பெண்கள் தங்கள் வயலையும் வீட்டையும் குழந்தைகளையும் படமெடுத்து, கூடியிருந்து ஒவ்வொரு படத்தைப் பற்றியும் பேசினர். பிறகு அவை அதிகாரிகளின் முன் வைக்கப்பட்டன. ஃபோட்டோவாய்ஸ் என்ற பெயரால் அம்முறை பல தேசங்களிலும் பரவியிருக்கிறது. நம்மவரிலும் பழனிகுமார் என்னும் தமிழ்ப் புகைப்படக்காரர் துப்புரவுத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் காமிரா பிடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார். யுன்னான் பெண்களின் விஷயத்தில் நேயர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். தாங்கள் யாருக்காகப் படமெடுக்கிறோம், யார் அதைப் பார்ப்பார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நிற்க. இன்ஸ்டாகிராமில் அது தெரியுமா?

அத்தளம் 2010-ஆம் வருஷத்தில் கெவின் சிஸ்ட்ரம், மைக் கிரீகர் என்னும் இரு வாலிபர்களால் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. இரண்டே வருஷத்தில் ஃபேஸ்புக் கம்பெனியார் அதை வாங்க இசைந்த விலை 100 கோடி டாலர். அப்பொழுது அதில் வேலை பார்த்தவர் 13 பேர். அந்தப் பதின்மூவரின் மேஜை நாற்காலிக்கா அவ்விலை? கோடிக்கணக்கான ஜனங்கள் தாமாகவே கொண்டுவந்து கொட்டிய படங்களுக்கும், அவற்றைப் பார்க்க வந்து நின்ற கண்களுக்குமே அவ்விலை. கொட்டியவர்களுக்கு அதில் ஒரு காசும் கிடைக்கவில்லை. நம் பருத்தியை ஏற்றிச்சென்று, மான்செஸ்டர் துணியாக்கி, நம்மிடமே விற்ற கதையைப் பாட்டனார் வாயாற் கேட்டு வளர்ந்தோம். பருத்திக்காவது ஏதோ ஒரு விலை கொடுத்தார்கள். 2020 ஜூன் 29-இல் சர்க்கார் சீனரின் டிக்டாக்கைத் தடுத்தபோது சுதேசி ஜயித்ததாக ஆரவாரித்த நண்பர்கள் பலர். ஜூலை 8-இல் அதே சரக்கை இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் என்ற பெயரால் நம் நாட்டில் கடைவிரித்தது. ஒரு கடைக்காரனைத் துரத்தி, பத்து நாளைக்குள் அடுத்த கடைக்காரனுக்குத் திண்ணையைக் கொடுத்தோம்.

அக்கம்பெனியின் நிபந்தனைகளை வாசித்தோம். வக்கீல் தொழிலிற் பழகியவருக்கே அது அலுப்பான காரியம். பிள்ளைகள் வாசிப்பாரென்று எவரும் நம்பவேண்டாம். படத்தின் உடைமை உங்களுடையதே என்று மரியாதையாகச் சொல்லுகிறது. அடுத்த மூச்சில், அதை உலகமெங்கும், ஒரு காசும் கொடாமல், உபயோகிக்கவும், மாற்றவும், நகலெடுக்கவும், அவ்வதிகாரத்தைப் பிறருக்குக் கைமாற்றவும் அனுமதி கேட்கிறது. படத்தை நீக்கினால் அவ்வனுமதி முடிவடையும் என்ற ஷரத்தும் உண்டு. அதையும் சொல்லிவிடுவதே நியாயம். 2012 டிஸம்பரில், அங்கத்தினரின் படங்களை விளம்பரத்துக்கு எடுத்தாள இடந்தரும் வாசகங்களைப் புகுத்த முயன்று, ஜனங்களின் கூச்சலைக் கண்டு சில தினங்களிற் பின்வாங்கினார்கள். கூச்சல் போட எல்லாரும் விழித்திருக்கும் நாள் அன்று வாய்த்தது.

13 வயது நிரம்பிய எவரும் சேரலாமென்பது கம்பெனியின் விதி. நமது 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின்படி மைனரின் ஒப்பந்தம் செல்லாதென்று மோஹரி பீபி வழக்கில் பிரிவி கௌன்ஸிலார் 1903-லேயே தீர்த்துவிட்டனர். அடமானப் பத்திரத்தில் 13 வயதுப் பையன் கையெழுத்திட்டால் நகைக்கும் நாம், அவனே செல்போனில் "சம்மதம்" என்று அழுத்தினால் வாளாவிருக்கிறோம். கணக்கு உபாத்தியாயர் பெயரில்தானே என்பர். அது இன்னும் விபரீதம். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி படமெடுத்தவரே அதன் கர்த்தா. பிள்ளையின் சொத்தை உபாத்தியாயர் ஒப்புக்கொடுப்பதற்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது? 2023-ஆம் வருஷத்துத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர் விஷயத்தில் பெற்றோரின் சம்மதம் வேண்டுமென்றும், குழந்தைகளைப் பின்தொடர்ந்து வேவு பார்த்து அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக்கூடாதென்றும் கூறுகிறது. அதற்குரிய விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தபோது, முக்கியமான கடமைகளுக்கு 18 மாதத் தவணையும் கூடவே கொடுக்கப்பட்டது. ஆஸ்திரேலியா தேசத்தார் 16 வயதுக்குட்பட்டோர் இத்தகைய தளங்களிற் கணக்கு வைக்கவே இயலாதபடி 2025 டிஸம்பர் 10 முதல் சட்டத்தை அமுலுக்குக் கொணர்ந்தனர். அவ்வளவு தூரம் போகவேண்டுமா என்பது வேறு வாதம்.

சட்டத்தைப் பார்க்கிலும் நம்மை உறுத்துவது வேறொன்று. வகுப்பில் ஒரு பிள்ளை படத்தைக் காட்டினால், ஏன் இதை எடுத்தாய், இதற்கு முன் என்ன நடந்தது என்று பக்கத்திலிருப்பவன் கேட்கிறான். கேள்விக்கு விடை தேடும்போது கதை வளருகிறது. அத்தளத்திலோ கேள்வி கிடையாது. சிவப்பு இதயக்குறி உண்டு. உப்பளத்துப் பாதத்துக்கு ஏழு இதயமும், அடுத்த பிள்ளையின் சூரியாஸ்தமனத்துக்கு எழுபதும் விழுந்தால், மறுவாரம் வகுப்பு முழுவதும் சூரியாஸ்தமனமாகவே எடுத்துத் தள்ளும். உரைநூலை விட்டோடிவந்த உபாத்தியாயர் வேறோர் உரைநூலிற் போய் விழுவார். பழையது பரீக்ஷைக்காக எழுதப்பட்டது. புதியது விளம்பரக்காரனுக்காக எழுதப்படுவது. தவிரவும், சிறுமியரின் படங்கள் அந்நியர் கண்ணிற் படுவதால் நேரும் அனர்த்தங்களை நம் நியாயஸ்தலங்களில் உள்ளவர் அறிவர். விரிக்க விரும்பவில்லை.

நண்பரொருவர் எதிர்வாதமாக நியூயார்க் நகரத்து விஷயமொன்றை எடுத்துக்காட்டினார். 2015 ஜனவரியில் பிராண்டன் ஸ்டான்டன் என்னும் புகைப்படக்காரர், பிரவுன்ஸ்வில் என்ற ஏழை வட்டாரத்துச் சிறுவன் ஒருவனைத் தெருவிற் கண்டு படமெடுத்து, உன்னை அதிகம் உருவாக்கியவர் யாரென்று வினவினார். தன் பள்ளித் தலைவி நாடியா லோபஸ் அம்மையார் என்றான் பையன். ஹியூமன்ஸ் ஆஃப் நியூயார்க் என்ற அவரது பக்கத்தில் அது வெளிவந்து, அப்பள்ளிப் பிள்ளைகளை ஹார்வார்டு சர்வகலாசாலைக்கு அழைத்துச் சென்று காட்டவும் பிற நற்காரியங்களுக்குமாக 10 லக்ஷம் டாலருக்கு மேல் திரண்டது. மகிழவேண்டிய செய்தியே, மறுக்கவில்லை. ஆனால் அங்கே கதை சொன்னவர் தேர்ந்த புகைப்படக்காரர். பையன் கதையில் வருபவன். நாம் பேசுவது பையனே கதை சொல்லுவதைப் பற்றி. லக்ஷத்தில் ஒரு படத்துக்கு வாய்த்த அதிர்ஷ்டத்தை நம்பி ஒரு வகுப்புக் குழந்தைகளைச் சந்தையில் நிறுத்துவது விவேகமாகாது.

தலைமையாசிரியர் சொல்லுவதுபோல் எல்லாவற்றையும் நிறுத்திவிடவேண்டுமென்பது நம் கருத்தன்று. செல்போன் பிள்ளைகள் எல்லாரிடமும் இருக்கவேண்டியதில்லை. வகுப்புக்கு ஒன்று போதும். அது உபாத்தியாயருடையதாய், படமெடுப்பதற்கு மட்டும் பயன்படட்டும். பத்துப் படம் என்னும் வரம்பு இருக்கட்டும். ஒன்றின்மேல் ஒன்றாய்ப் புரட்டிப் பார்க்கும் அமைப்பும் இருக்கட்டும். அவற்றை அந்நியனிடமிருந்து கற்றுக்கொள்வதில் வெட்கமில்லை. படங்களைக் காகிதத்தில் அச்சிட்டு, பிள்ளையின் கையெழுத்தையே கீழே ஒட்டி, பள்ளி மேலாண்மைக் குழு கூடும் நாளில் சுவரில் மாட்டலாம். உப்பளத்து முதலாளி ஒருவர் அச்சுவரைக் கடந்து போகும்படி நேர்ந்தால் அதைவிடச் சிறந்த பிரசுரம் வேறில்லை. பள்ளிக் கல்வித் துறையார் 2022-இல் தொடங்கிய 'தேன்சிட்டு' பத்திரிகைக்கும் நல்லவற்றை அனுப்பலாம். இதயக்குறியும் விளம்பரமும் இல்லாமல், பிள்ளை வேண்டாமென்றால் அன்றே நீக்கத்தக்கதாய், தமிழில் ஒரு தளத்தைச் சர்க்கார் நடத்தவேண்டுமென்று நாம் கேட்கிறோம். சர்க்காரின் கையிலும் குழந்தைகளின் படங்களைக் கணக்கின்றி ஒப்படைக்கலாகாது என்பதையும் சேர்த்தே கேட்கிறோம்.

யோசித்துப் பார்த்தால் நாமும் கடை வைத்திருப்பவரே, காகிதக் கடை. அப்பாதங்களின் படத்தை இப்பக்கத்தில் பெரிதாக வெளியிட்டால் பத்திரிகை அன்று கூடுதலாக விற்கும் என்று காரியாலயத்தில் ஒருவர் சொன்னார். வெளியிடவில்லை. இருட்டிலே எண்ணெய் தடவிக்கொள்பவர் தூக்கத்திலிருக்கும்போது எடுத்த படம் அது. மகள் எழுதிய இரண்டு வரியையும் அந்த அம்மாளுக்கு வாசித்துக் காட்டினீரா என்று உபாத்தியாயரைக் கேட்டு எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.