கெடெட் அணிக்கு மாணவர்கள் இருக்கிறார்கள், ஆசிரியர் எங்கே?

சுதந்திர தினம் வந்தால் எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு விவாதமும் கூடவே வரும். அணிவகுப்பைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்கும் யாராவது ஒருவர், "இதில் நம்மவர் எத்தனை பேர்?" என்று ஒரு கேள்வியைப் போடுவார். உடனே பதில்கள் குவியும். எங்களை எடுக்கமாட்டார்கள் என்பார் ஒருவர். நாங்கள் விண்ணப்பிப்பதே இல்லையே என்பார் இன்னொருவர். 2019 ஏப்ரலுக்குப் பிறகு இதையெல்லாம் பேசி என்ன பயன் என்று மூன்றாமவர் கேட்பார். இரவானதும் பேச்சு ஓய்ந்துவிடும். அடுத்த வருடம் அதே இடத்திலிருந்து மீண்டும் தொடங்கும்.

நான் ஒரு பாடசாலை ஆசிரியன். இராணுவ விவகாரம் எழுதும் தகைமை எனக்கில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கான விடையில் ஒரு துண்டு எங்கள் பாடசாலை மைதானங்களில்தான் கிடக்கிறது. அதை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை என்பதால் இதனை எழுதுகிறேன்.

இலங்கையில் மாணவர் படையணியின் கதை 1881இல் கொழும்பு ரோயல் கல்லூரியில் தொடங்கியது. இன்று அது தேசிய மாணவர் படையணி என்ற பெயரில், 1985ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், பாதுகாப்பு அமைச்சின் பொறுப்பில் இயங்குகிறது. மகாவலியை அண்டிய ரன்தெம்பேயில் அதன் பிரதான பயிற்சி நிலையம் இருக்கிறது. இதில் சேரும் பிள்ளை சிப்பாய் அல்ல. பாடசாலை விட்ட பிறகு எந்தப் படையிலும் சேரவேண்டிய கடப்பாடு அவனுக்கு இல்லை. அணிநடை, உடற்பயிற்சி, முதலுதவி, வரைபட வாசிப்பு, முகாம் வாழ்க்கை என்பவற்றைக் கற்றுக்கொண்டு, ஒரு சார்ஜன்ட் பட்டியோடு வீட்டுக்கு வந்துவிடுவான்.

பெற்றோர் பலருக்குத் தெரியாத விடயம் இன்னொன்று உண்டு. பாடசாலை அணிக்குப் பொறுப்பான அதிகாரி முகாமிலிருந்து அனுப்பப்படுபவர் அல்ல. அதே பாடசாலையில் கணிதமோ, விஞ்ஞானமோ, இஸ்லாமோ கற்பிக்கும் ஓர் ஆசிரியர்தான். அதிபரின் சிபாரிசோடு விண்ணப்பித்து, நேர்முகத் தேர்வுக்குப் போய், ரன்தெம்பேயில் பயிற்சி முடித்து, அதிகாரி நியமனம் பெறுகிறார். காலையில் வகுப்பறை, மாலையில் மைதானம், விடுமுறையில் முகாம். அந்த ஒருவர் இருந்தால் அணி இருக்கும். அவர் போனால் அணியும் போய்விடும்.

எங்கள் பாடசாலையிலும் அதுதான் நடந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் கொண்ட நல்ல அணி இருந்தது. பொறுப்பாசிரியருக்கு வருடாந்த இடமாற்றம் வந்தது. அவர் புதிதாகப் போன பாடசாலையில் கெடெட் அணியே கிடையாது. பயிற்சி பெற்ற அதிகாரி அங்கே சும்மா இருந்தார், இங்கே பிள்ளைகள் அதிகாரியில்லாமல் இருந்தார்கள். வலயக் கல்விப் பணிமனையின் இடமாற்றப் பட்டியலில் பாடமும் சேவைக்காலமும் பார்க்கப்படுகின்றன. அவர் தோளில் என்ன இருக்கிறது என்று பார்க்க அங்கே ஒரு நிரல் இல்லை.

அதிபர் என்னைக் கூப்பிட்டார். "சேர், நீங்கள் எடுங்கள்" என்றார்.   மறுத்தேன். மாலை வகுப்பு இருந்தது, வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தார்கள், வாரக்கணக்கில் பயிற்சிக்குப் போய் நிற்க மனம் வரவில்லை. என்னைப்போல் இன்னும் நான்கு பேர் மறுத்தார்கள். ஒரு வருடம் சீருடைகள் களஞ்சிய அறையில் கிடந்தன. பிறகு அந்த அறை கணினி அறையானது. இன்று குழுமத்தில் யாராவது "நம்மை எடுக்கமாட்டார்கள்" என்று எழுதும்போது எனக்கு அந்த அறைதான் ஞாபகம் வருகிறது.

இதனால் அரசின் மீது பிழையில்லை என்று நான் சொல்லவரவில்லை. அணிநடைக் கட்டளைகள் சிங்களத்தில் இருக்கின்றன. அதைப் பிள்ளைகள் ஒரு மாதத்தில் பழகிவிடுவார்கள், பெரிய விடயமல்ல. ஆனால் முகாமில் முதலுதவி விரிவுரையும் வரைபடப் பாடமும் சிங்களத்தில் மட்டும் நடந்தால், தமிழ்மொழிமூலப் பிள்ளை பக்கத்திலிருப்பவனின் கொப்பியைப் பார்த்துத்தான் எழுதவேண்டும். புள்ளியிடும்போது அது யாருக்கும் தெரியாது. ஒரு முகாமுக்குப் பிள்ளைகளோடு துணைக்குப் போயிருந்தேன். அங்கிருந்த சிங்கள அதிகாரி, நாங்கள் கேட்கும் முன்பே தொழுகைக்கு ஒரு வகுப்பறையை ஒதுக்கித் தந்தார். சமையலறையில் எங்கள் பிள்ளைகளின் சாப்பாட்டுக்குத் தனிப் பாத்திரம் வைக்கச் சொன்னார். நல்ல மனிதர். என் கவலையும் அதுதான். அந்த இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால்? மொழி, தொழுகை, ஹலால் உணவு, பெண்பிள்ளைகளின் ஆடை ஆகிய நான்கும் ஒருவரின் நல்ல மனதில் தங்கியிருக்கக்கூடாது. எழுத்தில் ஒரு சுற்றுநிருபமாக ஒவ்வொரு அதிபரின் கையிலும் இருக்கவேண்டும். பெண்பிள்ளைகளைப் பொறுத்தவரை அது இல்லாமல் எந்த உம்மாவும் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைக்கமாட்டார்.

வாப்பாமாரின் பயம் வேறு வகையானது. கிழக்கில் துப்பாக்கி என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. 1990 ஜூனில் கொல்லப்பட்ட நூற்றுக்கணக்கான பொலிஸாரில் முஸ்லிம்களும் இருந்தார்கள். அதே வருடம் ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். பிறகு ஊர்காவல் படை என்ற பெயரில் எங்கள் இளைஞர்கள் கையில் துப்பாக்கியோடு எல்லைகளில் இரவிரவாக விழித்திருந்தார்கள். அவர்களை உள்வாங்கிய அமைப்பே 2006இல் சிவில் பாதுகாப்புத் திணைக்களமானது. இராணுவப் புலனாய்வுப் படையணியின் கேர்ணல் துவான் நிசாம் முத்தலிப் 2005 மே 31இல் கொழும்பில் சுட்டுக்கொல்லப்பட்டார். இந்த நாட்டின் பாதுகாப்புக்கு எங்கள் சமூகம் கொடுத்த விலை சின்னதல்ல. அப்படியிருந்தும் 2019இற்குப் பிறகு ஒரு சாதாரண வாப்பா, "என் மகன் சீருடையோடு பஸ்ஸில் வந்தால் யாராவது ஏதாவது கேட்பார்களா?" என்று யோசிக்கிறார். அந்த யோசனையைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு நா எழாது.

இதற்கிடையில் கணக்கும் மாறிக்கொண்டிருக்கிறது. 200,783 ஆக இருந்த இராணுவ ஆளணியை 2024இல் 135,000 ஆகவும் 2030இல் 100,000 ஆகவும் குறைக்கப்போவதாக 2023 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. பாதியாகச் சுருங்கும் ஒரு நிறுவனத்தில் "எங்கள் பங்கு எங்கே?" என்று கேட்டு ஆயிரக்கணக்கில் சிப்பாய் வேலை எதிர்பார்ப்பது வீண். 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில் நாங்கள் நூற்றுக்கு 9.7 பேர் என்பதை நீட்டிக் காட்டினாலும் அந்த வாசல் ஒடுங்கித்தான் வருகிறது. மிஞ்சியிருப்பது, உயர்தரம் சித்தியடைந்தவர்கள் தியத்தலாவைக்கும் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கும் அதிகாரிப் பயிலுநர்களாகப் போகும் சிறிய வாசல். அங்கே நேர்முகத் தேர்வுக்கு உட்காரும் பிள்ளைகளில் ஒருவன் ஐந்து வருடம் அணியை நடத்திய கெடெட் சார்ஜன்ட். மற்றவன் விளையாட்டுப் போட்டியில் இல்லத்துக்குக் கொடி பிடித்தவன். யாரைத் தெரிவார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. பொலிஸ், சுங்கம், விமான நிலையம் எதற்குப் போனாலும் இதே கதைதான்.

ஆனால் பாடசாலையை ஆட்சேர்ப்பு நிலையமாக்குவதை நான் ஏற்கமாட்டேன். 2011இல் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானவர்களை இராணுவ முகாம்களுக்கு அழைத்துத் தலைமைத்துவப் பயிற்சி கொடுத்தபோது எழுந்த எதிர்ப்பு நியாயமானது. விருப்பமில்லாதவனை அணிநடை பழக்கினால் அவனுக்கும் நன்மையில்லை, அணிக்கும் நன்மையில்லை. கெடெட் அணிக்குள்ள மரியாதையே பிள்ளை தானாக வந்து நிற்கிறான் என்பதில்தான் இருக்கிறது. எந்த நாளும் "வேண்டாம்" என்று விலகும் உரிமை அவனுக்கு இருக்கவேண்டும். சிறுவர்களைப் படைக்குப் பிடித்துச் சென்ற காலத்தைப் பார்த்த மாகாணம் இது. இந்த வேறுபாட்டை நாங்கள்தான் உரத்துச் சொல்லவேண்டும்.

ஆகவே எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் படைகளில் விகிதாசாரம் பற்றி ஹன்சாட்டில் பதியும் உரையை விடச் சின்னதாக ஒன்றைக் கேட்கிறேன். ஒவ்வொரு பாடசாலை அணிக்கும் ஒருவரல்ல, இரண்டு ஆசிரியர்கள் பயிற்சி பெறவேண்டும், அதில் ஒருவர் முடிந்தவரை பெண் ஆசிரியையாக இருக்கவேண்டும். பயிற்சி பெற்றவரை இடமாற்றும்போது அணியுள்ள பாடசாலைக்கே அனுப்பவேண்டும், அல்லது பதிலாள் தயாராகும்வரை நிறுத்திவைக்கவேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டியதில்லை. மாகாணக் கல்விப் பணிப்பாளரோடு ஒரு கூட்டம் போதும். பள்ளிவாசல் நிருவாகங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கட்டிடத்துக்குச் சேர்க்கும் பணத்தில் ஒரு பகுதியைச் சீருடைக்கும் சப்பாத்துக்கும் முகாமுக்குப் போகும் பஸ் செலவுக்கும் ஒதுக்கலாம். எங்கள் அணியிலிருந்து நல்ல பிள்ளைகள் இருவர் விலகியது சப்பாத்து இல்லாமல்தான்; வெட்கத்தில் வேறு காரணம் சொன்னார்கள்.

இந்தத் தவணை எங்கள் ஆசிரியர் கூட்டத்தில் அணியை மீண்டும் தொடங்கும் பேச்சு வந்தது. புதிதாக நியமனம் பெற்று வந்த 27 வயது விஞ்ஞான ஆசிரியர் கை உயர்த்தினார். அவருடைய மாலைப் பாடவேளைகளை நான் எடுக்கிறேன் என்று அதிபரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டாவது பெயருக்கான இடம் படிவத்தில் இன்னும் வெறுமையாக இருக்கிறது. ஆசிரியை ஒருவர் வீட்டில் கேட்டுவிட்டுத் திங்கட்கிழமை சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.