மெதுவாகும் மூளை அலை ஓர் அடையாளமே, தீர்ப்பன்று

ஊரூர் ஒல்காட் குப்பத்தின் மூத்த மீனவர்கள் ஓர் அலையை மட்டும் பார்த்துக் கடலைக் கணிப்பதில்லை. வீசுவது வாடையா, கச்சானா, நீரோட்டம் எப்பக்கம், தண்ணீரின் நிறம் என்ன என்பவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்த பின்னரே கட்டுமரத்தை இறக்குவார்கள். முதியோரின் மூளை அலைகளைப் படிப்பதற்கும் அந்தப் பொறுமையே தேவை என்று நாங்கள் கருதுகிறோம்.

மறதியுடன் அழைத்து வரப்படும் முதியவருக்கு இ.இ.ஜி. எனப்படும் மூளை மின்னலைப் பரிசோதனையைச் சில வேளைகளில் பரிந்துரைக்கிறோம். "தலையில் கரண்ட் வைப்பார்களா?" என்று குடும்பத்தார் அஞ்சுகின்றனர். இப்பரிசோதனையில் உடலுக்குள் மின்சாரம் செலுத்தப்படுவதில்லை. மூளை தானாக எழுப்பும் மிக நுண்ணிய மின்துடிப்புகளைத் தலையில் ஒட்டப்படும் ஏறத்தாழ 20 சிறு தகடுகள் பதிவு செய்கின்றன, அவ்வளவே. எண்ணெய் தேய்க்காமல், தலையை அலசிவிட்டு வந்தால் போதும். வலி எதுவும் இல்லை.

மனித மூளையின் அலைகளை ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் முதன்முதலாகப் பதிவு செய்து, 1929-இல் வெளியிட்டார். கண்களை மூடி அமைதியாக ஓய்ந்திருக்கும்போது தலையின் பின்பகுதியில் நொடிக்கு 8 முதல் 13 முறை எழும் சீரான அலையை அவர் கண்டார். அதுவே ஆல்ஃபா அலை. கண்ணைத் திறந்ததும் அது அடங்கிவிடும்.

வயது கூடும்போது இவ்வலையின் வேகம் சற்றே குறைவது இயல்பு. எனினும் நலமுடன் மூப்படைந்தவரிடம் அது பெரும்பாலும் நொடிக்கு 8 என்னும் எல்லைக்குக் கீழே இறங்குவதில்லை. அல்சைமர் நோயில் நிலைமை வேறு. நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகள் அழிகின்றன. அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் அணுக்கள் குறைகின்றன. இதனால் ஆல்ஃபா அலை மெலிந்து தளர்கிறது. அதனினும் மெதுவான தீட்டா, டெல்டா அலைகள் மிகுகின்றன. நோய் முற்ற முற்ற இம்மாற்றமும் பெருகுகிறது.

இங்கேதான் நாங்கள் வலியுறுத்த விரும்புவது வருகிறது. மெதுவான அலைகள் அல்சைமர் நோயில் மட்டும் தோன்றுபவை அல்ல. இரத்தத்தில் சோடியம் குறைந்தாலும், தைராய்டு சுரப்புக் குறைந்தாலும், கல்லீரலோ சிறுநீரகமோ பழுதுற்றாலும், நோய்த்தொற்று ஏற்பட்டாலும், தூக்க மாத்திரை மிகுந்தாலும் மூளை அலைகள் தளரக்கூடும். இவற்றுள் பல மருந்தாலோ, மாத்திரையைக் குறைப்பதாலோ சீராகக் கூடியவை. மறுபுறம், அல்சைமர் நோயின் தொடக்கத்தில் இ.இ.ஜி. இயல்பாகவே இருக்கவும் கூடும். ஆகவே அறிக்கையில் 'அலைகள் மெதுவாக உள்ளன' என்றிருப்பதைக் கண்டு மனம் உடைவதும் தவறு. 'இயல்பு' என்றிருப்பதைக் கண்டு மறதியைப் புறக்கணிப்பதும் தவறு. இரத்தப் பரிசோதனை, நினைவாற்றல் சோதனை, மூளை ஸ்கேன், எல்லாவற்றுக்கும் மேலாகக் குடும்பத்தார் சொல்லும் விவரம் ஆகிய அனைத்தும் சேர்ந்தே முடிவைத் தர வேண்டும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. இயல்பு என்று நாம் கொள்ளும் அளவுகள் யாருடைய மூளையிலிருந்து வந்தவை? பெரும்பாலும் மேலைநாட்டவருடையவை. தாரா தியாகராஜன் குழுவினர் தமிழ்நாட்டின் சிற்றூர்கள் முதல் பெருநகர் வரை பல இடங்களில் மூளை அலைகளைப் பதிவு செய்து 2017-இல் வெளியிட்ட ஆய்வு, ஆல்ஃபா அலையின் வலிமை வருமானத்துக்கும் வாழ்க்கைச் சூழலுக்கும் ஏற்ப வேறுபடுவதைக் காட்டியது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சுப்ரதிம் ரே குழுவினர் அந்நகர முதியோரிடம் செய்த ஆய்வில், காட்சியைப் பார்க்கும்போது எழும் காமா அலை வயது கூடக்கூடத் தளர்வதும், அல்சைமர் நோயின் தொடக்கத்தில் மேலும் தளர்வதும் தெரியவந்தன. இத்தகைய பணி சென்னையிலும் பெருக வேண்டும். கடலில் உழைத்து மூத்தவரும், பள்ளியே காணாதவரும் அதில் இடம்பெற வேண்டும். இல்லையேல் பிறர் அளவுகோலால் நம் பெரியோரை அளந்துகொண்டிருப்போம்.

2023-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்கின்றனர். "வயதானால் மறதி வரத்தானே செய்யும்" என்று சொல்லிச் சொல்லியே அவர்களுள் பலரைக் காலம் கடந்து அழைத்து வருகிறோம்.

குடும்பத்தாரிடம் நாங்கள் வேண்டுவது இதுவே. பெயர் சற்று நேரம் நினைவுக்கு வராமல் போவது முதுமை. ஆனால் ஐம்பது ஆண்டுகளாக வலை பின்னிய கை முடிச்சில் தடுமாறினால், நடந்து பழகிய சந்தில் வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றால், சொன்னதையே நாள்தோறும் திரும்பத் திரும்பக் கேட்டால், அழைத்து வாருங்கள். ஓரிரு நாளில் திடீரெனக் குழப்பம் தோன்றினால் அன்றே வாருங்கள். அவர் உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் உடன் கொண்டு வாருங்கள். எப்போது, எதில் தொடங்கியது என்று எழுதி வாருங்கள். எந்தக் கருவியும் காட்டாத ஒன்றை அந்தத் தாள் எங்களுக்குக் காட்டும்.